கிரேக்கர்கள் கண்டுபிடித்த விஷமும் அவர்கள் கண்ணில் படாத விஷமும்

சிறுநீரகம் பழுதாகி வருபவர்களிடம் நான் கட்டாயம் கேட்பது, "வேற ஏதாவது கஷாயம், சூரணம், லேகியம் எடுத்தீங்களா?" என்பது. பலரும் முதலில் இல்லை என்பார்கள். கூட வந்த மனைவியோ மகளோதான், "அந்த வேர்ப்பொடி சாப்பிட்டீங்களே" என்று எடுத்துக் கொடுப்பார். உடனே பதில் வரும்: "அது நாட்டு மருந்துதானே டாக்டர், காலங்காலமா சாப்பிடறதுதானே!"

இந்தக் "காலங்காலமா" எதற்குச் சான்று, எதற்குச் சான்றில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர்கள் பழைய கிரேக்கர்கள். ஒரு மூலிகையை அவர்கள் மருந்தாக எழுதிவைத்ததும், அதன் கேடு 2000 வருடங்களுக்கும் மேல் கழித்துத் தெரியவந்ததும் பதிவில் இருக்கிறது.

லெஸ்போஸ் தீவில் பிறந்த தியோஃபிராஸ்டஸ் அரிஸ்டாட்டிலின் மாணவர். செடிகொடிகளைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலின் ஒன்பதாம் பகுதியில், காட்டில் வேர் வெட்டி விற்றுப் பிழைத்தவர்களின் வழக்கங்களைத் தொகுத்திருக்கிறார். தாப்சியா என்ற செடியின் வேரை வெட்டும்போது உடம்பில் எண்ணெய் பூசிக்கொள்ள வேண்டும், காற்று வரும் திசையில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு வீங்கிவிடும். ஹெல்லெபோர் வேரைத் தோண்டினால் சீக்கிரமே தலை கனக்கும், அதனால் முன்கூட்டியே பூண்டு தின்று, தண்ணீர் கலக்காத திராட்சை மது குடித்துவிட்டுப் போக வேண்டும். பியோனிச் செடியை இரவில்தான் தோண்ட வேண்டும், பகலில் மரங்கொத்தி பார்த்துவிட்டால் கண்ணுக்கு ஆபத்து. மாண்ட்ரேக் கிழங்கைச் சுற்றி வாளால் மூன்று வட்டம் போட்டு, மேற்கே பார்த்து வெட்ட வேண்டும்.

எண்ணெய், காற்று, பூண்டு இதிலெல்லாம் ஏதோ பொருள் இருக்கலாம், மரங்கொத்தியும் வட்டமும் ஒட்டவைத்த கதைகள் என்கிறார் தியோஃபிராஸ்டஸ். சரியாகத்தான் பிரித்திருக்கிறார். தாப்சியாவின் பிசின் தோலைக் கொப்புளிக்க வைக்கும் என்பது இன்று உறுதியாகத் தெரிந்த விஷயம். பட்டவன் கை வீங்கியது, அடுத்தவன் எண்ணெய் பூசிக்கொண்டு போனான். அனுபவ அறிவு நன்றாக வேலை செய்த இடம் இது.

அளவைக்கூட அப்படித்தான் கற்றார்கள். வெள்ளை ஹெல்லெபோர் கடுமையான வாந்தி மருந்து. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கீழே இறக்கிவிடும். பாரசீக அரசவையில் வைத்தியராக இருந்த டீசியஸ் சொன்னது ஒன்று பிற்கால நூலில் பிழைத்திருக்கிறது: என் தகப்பன், பாட்டன் காலத்தில் ஹெல்லெபோர் கொடுக்க வைத்தியர்கள் அஞ்சினார்கள், அதன் கலவையும் அளவும் யாருக்கும் தெரியாது, கொடுப்பதென்றால் முதலில் உயில் எழுதிவைக்கச் சொல்வார்கள் என்கிறார். அப்புறம் படிப்படியாக அளவு பிடிபட்டது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் சூத்திரங்களில், திடமான உடம்புக்காரருக்கு ஹெல்லெபோர் ஆபத்து, அது வலிப்பைக் கொண்டுவரும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஹெம்லாக் என்ற விஷச்செடியின் கதையும் இதே வகைதான். கி.மு. 399இல் சாக்ரடீஸ் அதைக் குடித்தபோது காலில் தொடங்கிய மரப்பு மேலே ஏறியதை எழுதிவைத்திருக்கிறார்கள்.

தாப்சியா, ஹெல்லெபோர், ஹெம்லாக் மூன்றிலும் கேடு அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்தது. எதனால் வந்தது என்பதில் சந்தேகமே வரவில்லை.

இப்போது, நான் முதலில் சொன்ன அந்த மூலிகை, அரிஸ்டலோகியா. இதைத் தியோஃபிராஸ்டஸும் சொல்கிறார், முதலாம் நூற்றாண்டில் 600 செடிகளுக்கு மேல் விவரித்த கிரேக்க வைத்தியர் டயாஸ்கோரிடீஸும் சொல்கிறார். பாம்புக்கடிக்கும் காயத்துக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெண்களின் கருப்பைக்கும் மருந்து என்று. இதை மிளகோடும் வெள்ளைப்போளத்தோடும் சேர்த்துக் குடித்தால் நஞ்சுக்கொடி வெளியேறும் என்று எழுதுகிறார் டயாஸ்கோரிடீஸ். (அந்த மிளகு நம் மேற்குக் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போனது.) பிள்ளைப்பேற்றுக்கு நல்ல மருந்து என்ற பெயர் அதற்கு நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்தது.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், 50 வயதுகூட ஆகாத பெண்கள் சிலர் சிறுநீரகம் செயலிழந்து வந்தார்கள். ஒரே கிளினிக்கில் உடல் மெலியச் சீன மூலிகைகள் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்கள் அவர்கள். 1993இல் மருத்துவர்கள் அதை வெளியிட்டார்கள். ஸ்டெஃபானியா என்ற செடிக்குப் பதில், சீன மொழியில் கிட்டத்தட்ட அதே பெயர் கொண்ட ஓர் அரிஸ்டலோகியா வேர் கலந்திருந்தது. மூலிகை தெரிய வேண்டுமென்றால் அதைத் துளிர்க்கும்போதும் செழித்திருக்கும்போதும் வாடும்போதும் பார்த்திருக்க வேண்டும் என்று டயாஸ்கோரிடீஸ் வற்புறுத்துவார். பொடியாகி டப்பாவுக்குள் வந்தபின் யார் பார்ப்பது?

கேடு அத்தோடு நிற்கவில்லை. அந்த நோயாளிகளில் 39 பேருக்கு, புற்றுநோய் வரலாம் என்று முன்னெச்சரிக்கையாகப் பழுதான சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் எடுத்துப் பார்த்தபோது, 18 பேருக்கு ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது. 2000ஆம் ஆண்டு அது வெளியானது. செடியிலுள்ள அரிஸ்டலோகிக் அமிலம் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு, மருந்தை நிறுத்திப் பல வருடங்களான பிறகும் அங்கேயே இருக்கிறது. டான்யூப் ஆற்றின் கிளைகளையொட்டிய பால்கன் கிராமங்களில் பல தலைமுறையாக இருந்த மர்மச் சிறுநீரக நோய்க்கும் இதுவே காரணமென்று பின்னால் தெரிந்தது. கோதுமை வயலில் களையாக வளர்ந்த அரிஸ்டலோகியாவின் விதை மாவில் கலந்து, ரொட்டியாக உள்ளே போயிருந்தது. 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இந்தச் செடிகள் சேர்ந்த மருந்துகளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியாக வகைப்படுத்தியது.

ஹெல்லெபோரை அவ்வளவு துல்லியமாக அளந்தவர்களுக்கு இது ஏன் தெரியவில்லை? அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்த நோய் வலிக்காது. முகம் வீங்காது, சிறுநீரில் புரதம்கூடக் கொஞ்சம்தான் போகும். சோகை மட்டும் முன்னாலேயே எட்டிப் பார்க்கும். ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கியிருக்கும். ஊசியால் துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், வடிகட்டும் முடிச்சுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்க, அவற்றுக்கிடையே நார்த் தழும்பு படர்ந்திருக்கும். பிரசவத்தில் இதைக் குடித்த ஒரு பெண் பத்து வருடம் கழித்து வெளிறிப்போய் இறந்தால், அந்தப் பழைய கஷாயத்தோடு யார் முடிச்சுப் போடுவார்கள்? நீண்ட காலப் புழக்கம் உடனடிக் கேட்டைக் காட்டிக்கொடுக்கும். மெதுவாக வரும் கேட்டைக் காட்டாது.

இது நமக்கும் பக்கத்து விஷயம். ஆடுதின்னாப்பாளையும், ஈஸ்வரமூலி என்றும் பெருமருந்து என்றும் சொல்லும் கொடியும் இதே அரிஸ்டலோகியா இனம்தான். நம் ஊரிலும் பாம்புக்கடிக்கும் குடற்பூச்சிக்கும் தோல் நோய்க்கும் சொல்லப்படுபவை. பாம்பு கடித்தால் நேரே விஷமுறிவு ஊசி இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள், வேரை அரைத்துக் குடித்து நேரத்தை இழக்காதீர்கள். மற்ற எதற்காகவும் இந்த இரண்டையும் உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம் என்றுதான் ஒரு சிறுநீரக மருத்துவராக நான் சொல்வேன். நான் சித்த மருத்துவத்தையே எதிர்க்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்த ஓர் இனத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

எந்தப் பொடி சாப்பிட்டாலும் அதில் என்ன செடி என்று பெயர் கேட்டு எழுதி வையுங்கள். பெயர் சொல்ல மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். மருத்துவரிடம் வரும்போது டப்பாவை, மிச்சமிருக்கும் பொடியோடு கொண்டு வாருங்கள், திட்ட மாட்டோம். இந்தச் செடிகளை முன்பு சாப்பிட்டிருந்தால், நிறுத்தி வருடங்கள் ஆகியிருந்தாலும் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், ஒரே தடவையாக இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், அந்த வாரமே வந்து காட்டுங்கள்.