சாக்ஸில் ஏறி வரும் காடு

கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர்ப் பக்கம் புல்வெளி ஓரமாக ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வந்து வேன் படியில் உட்கார்ந்தேன். சாக்ஸ் முழுக்கக் கறுப்பு ஊசிகள். பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தன. 30 வரை எண்ணியிருப்பேன், மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. "இதையெல்லாமா உட்கார்ந்து எண்ணுவாங்க? தட்டிவிட்டுட்டு ஏறுங்க மாப்பிள்ளை!"

அப்படி யாராவது தட்டிவிட வேண்டும் என்றுதான் அந்தச் செடியும் காத்திருக்கிறது. அதன் பெயர் பைடன்ஸ், பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். நம் ஊர் நாயுருவியைப் போல ஒட்டி ஊர் சுற்றும் சாதி. ஒரு ஊசியை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தால், நுனியில் இரண்டு மூன்று முட்கள் கவை போலப் பிரிந்திருப்பது தெரியும். அந்த முட்களில் பின்னோக்கிச் சாய்ந்த நுண்ணிய கொக்கிகள் உண்டு. துணிக்குள் சுலபமாக நுழையும், வெளியே வராது. முன்பு காட்டுமாட்டின் ரோமத்தில் ஏறிப் போன விதை, இப்போது நம் வேனில் ஏறி அடுத்த வியூ பாயின்ட்டுக்குப் போகிறது. அங்கே நாம் தட்டிவிடுகிறோம்.

கண்ணுக்குத் தெரிகிற ஊசியாவது பரவாயில்லை. ஷூவின் அடியில் வரிவரியாக அப்பியிருக்கும் சேற்றில் வருவதை யார் பார்க்கிறார்கள்? மெக்சிகோவிலிருந்து வந்து இந்த மலைகளெங்கும் பரவிவிட்ட யூபடோரியம் என்ற களைச்செடியின் விதை, பொடி போலச் சின்னது. காற்றிலும் பறக்கும், சேற்றிலும் ஒட்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்குச் சனி, ஞாயிறுகளில் நாளுக்கு 6000 சுற்றுலா வண்டிகள்தான் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வண்டிக்கு 4 பேர் என்று வைத்தாலே 48,000 ஷூ, செருப்பு.

சரி, நாலு களை முளைத்தால் என்ன கெட்டுப்போகும்? நீலகிரியில் அவலாஞ்சி, முக்கூர்த்திப் பக்கத்தைப் பார்த்தால் புரியும். அங்கே மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஸ்காட்ச் புரூம் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட புதர். அது அவரை இனம். வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன. மண் கொழுக்கிறது. கேட்க நல்லதாகத்தான் தெரிகிறது. ஆனால் மலைப்புல் பழகியது மெலிந்த மண்ணுக்கும் முழு வெயிலுக்கும். மண்ணில் சத்து ஏற ஏறப் புதர் முந்துகிறது, அதன் நிழலில் புல் சாகிறது. அப்புறம் வெட்டினாலும் தீராது. கெட்டியான தோலுள்ள அதன் விதைகள் பல ஆண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு படுத்திருந்து, மண்ணைக் கிளறியதும் எழுந்துகொள்ளும். அதனால் ஆர்வத்தில் நாமே பிடுங்கப் போக வேண்டாம். வனத்துறை அனுமதியோடு களை எடுக்கும் குழுக்களோடு போனால், எதை எப்போது எடுப்பது என்று தெரிந்தவர்கள் உடன் இருப்பார்கள்.

நடப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது, பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். ஏற்கெனவே தேய்ந்த பாதையில் நூறாவது ஆளாக நடப்பதால் புதிதாகப் பெரிய கேடு வராது. அந்த மண் இறுக வேண்டிய அளவு இறுகிவிட்டது. யாரும் மிதிக்காத புல்லில் முதல் சில பேர் வைக்கும் அடிதான் அதிகம் கெடுக்கும். மண்ணின் நுண்துளைகள் அடைபடுகின்றன. மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடி, சரிவில் ஒரு ஓடையை வெட்டிவிடுகிறது. பாதை அகலமாவதும் பெரும்பாலும் நம் சுத்தத்தால்தான். சேற்றைக் கண்டதும் புது ஷூவுக்காகப் புல்லோரம் ஒதுங்குகிறோம். அடுத்த வாரம் அதுவும் சேறு. அப்புறம் வருகிறவர் இன்னும் தள்ளி ஒதுங்குகிறார். பாதையில் சேறு என்றால் சேற்றிலேயே நடப்பதுதான் புல்லுக்கு நல்லது. ஷூவைக் கழுவிக்கொள்ளலாம்.

கழுவுவது எங்கே என்பதும் முக்கியம். ஓடையில் அலசினால் விதைக்கு இலவசப் பயணம். வண்டியில் ஒரு பழைய டூத் பிரஷ் போட்டு வையுங்கள். மலை ஏறுவதற்கு முன்பே வீட்டில் ஷூவைச் சுரண்டிவிடுங்கள். திரும்பும்போது சாக்ஸிலிருந்து எடுப்பதை ஒரு கவரில் போட்டுக் கட்டிக் கொண்டுபோய்விடுங்கள்.

கையில்தான் போன் இருக்கிறதே, அதற்கும் வேலை உண்டு. அறிமுகமில்லாத செடி தெரிந்தால் பூ, இலையின் இரு பக்கம், தண்டு என்று தனித்தனியாகப் படமெடுத்து ஐ-நேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றலாம். தேதியும் இடமும் சேர்ந்து பதிவாகும். களை ஒரு புது இடத்தில் பத்துச் செடியாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால் ஒரே நாளில் எடுத்துவிடலாம். சரிவு முழுக்கப் பரவிய பிறகு தலைமுறை வேலை. அழியும் நிலையிலுள்ள உயிரினம் என்றால் அந்தச் செயலியே சரியான இடத்தைப் பிறருக்கு மறைத்துவிடும்.

அன்றைக்கு என் ஊசிகளையெல்லாம் காலி முறுக்கு கவரில் போட்டு முடிந்து, வீட்டில் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினேன். மறுநாள் துணி துவைக்கும்போது பேன்ட்டின் கால் மடிப்பில் இன்னும் 4 இருந்தன.