மண்புழுப் படுக்கையில் அசோபாஸ் சேர்ப்பது எப்போது?

மண்புழு உரத்தைச் சலித்து, வெயிலில் காயவைத்து, சாக்கில் கட்டும்போது ஒரு பொட்டலம் அசோஸ்பைரில்லத்தை (காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா) தூவி 'செறிவூட்டிய உரம்' என்று சொல்வது பரவலாக நடக்கிறது. காய்ந்த உரத்தில் பாக்டீரியா பெருகாது. போட்டதிலும் பெரும்பகுதி வயலுக்குப் போகும் முன்பே செத்துவிடும். பொட்டலத்துக்குக் கொடுத்த காசு வீண்.

அசோஸ்பைரில்லமும், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவும் கலந்த உயிர் உரமான அசோபாஸ், ஒரு டன் கழிவுக்கு 1 கிலோ போதும். அதைப் போட வேண்டிய நேரம், கழிவைப் படுக்கையில் இட்டு 20 நாள் ஆன பிறகு. அதற்கு முன்பே, படுக்கைக்கு வெளியே ஒரு கட்டம் முடிந்திருக்க வேண்டும். மட்காத கழிவும் பச்சைச் சாணமும் சேர்ந்த குவியல் 50 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் புழுவும் தங்காது, நாம் போடும் பாக்டீரியாவும் பிழைக்காது. அதனால் கழிவைச் சாணிக் கரைசல் தெளித்து வெளியே 15 முதல் 20 நாள் மட்கவிட்டு, கிளறி ஆற்றிய பிறகே படுக்கைக்குக் கொண்டுவர வேண்டும். குவியலுக்குள் கையை விட்டால் வெதுவெதுப்புகூடத் தெரியக் கூடாது. டன்னுக்கு சுமார் 2 கிலோ புழு விட்டால், படுக்கையில் 20 நாளில் மேல் அடுக்கு, புழு வெளியேற்றும் புது எச்ச உருண்டைகளால் நிறைந்திருக்கும்.

பாக்டீரியா பெருகும் இடம் அந்த உருண்டைகள்தான். புழுவின் குடலில் ஈரமும் சளியும் எளிதில் கரையும் உணவும் இருக்கின்றன. அங்கே பல நுண்ணுயிர்கள் விழித்து வளர்கின்றன. ஆனால் புழு நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி வளர்ப்பதில்லை, கொஞ்சத்தைச் செரித்தும் விடுகிறது. ஆகவே புழு விட்டாலே நல்ல பாக்டீரியா தானாக நிறைந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. தரமான பொட்டலம் வேண்டும். தூள் வடிவ உயிர் உரம் பொதுவாக 6 மாதம்தான் தாங்கும். தேதியைப் பார்த்து வாங்குங்கள். கடையில் பூச்சிமருந்துக்குப் பக்கத்தில் வெயில் படும்படி வைத்திருந்தால் வாங்காதீர்கள்.

1 கிலோ தூளை, சலித்த ஈர மண்புழு உரம் 10 கிலோவுடன் பிசிறி, மாலையில் படுக்கையின் மேல் சீராகத் தூவி, மேல் நாலைந்து அங்குலத்தைக் கையால் லேசாகக் கிளறிவிடுங்கள். மண்வெட்டி போட்டால் புழு அறுபடும். மேலே தென்னை ஓலையோ ஈரச் சாக்கோ போட்டு மூடவும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் தொட்டியில் ஓர் இரவு வைத்திருந்து தெளியுங்கள். ஈரம் 60 சதவீத அளவில் இருக்கட்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் காற்றோட்டம் அடைபட்டுப் படுக்கை புளித்து நாறும், புழு ஓரத்தில் ஏறி ஓடும். அப்போது தண்ணீரை நிறுத்தி, காய்ந்த இலைச்சருகு சேர்த்துக் கிளறுவதுதான் வழி.

வெல்லக் கரைசல் ஊற்றினால் பாக்டீரியா வேகமாகப் பெருகும் என்று அளவில்லாமல் ஊற்றுகிறார்கள். எறும்புதான் வரும். மணிச்சத்துக்காக ராக் பாஸ்பேட் (மணிச்சத்துள்ள பாறைத் தூள்) சேர்ப்பது நல்ல யோசனை: டன்னுக்கு 20 கிலோவைக் கழிவு மட்கும்போதே கலந்துவிட்டால், பின்னால் போடும் பாஸ்போபாக்டீரியா கரைக்க அது தயாராக இருக்கும். யூரியா, டிஏபி, சாம்பல், பூஞ்சைக்கொல்லி எதுவும் படுக்கைக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

அறுவடைக்குச் சில நாள் முன் தண்ணீரை நிறுத்தினால் புழு கீழே இறங்கும். மேலே உள்ளதை அடுக்கடுக்காக எடுத்துக்கொள்ளலாம். சலித்ததை நிழலில் குவித்து, சுமார் 40 சதவீத ஈரத்தோடு காற்றுப் புகும் சாக்கில் வையுங்கள். பொலபொலவென்று உதிரும் அளவுக்குக் காயவிட்டால் எடை குறைந்து சுமக்க எளிதாக இருக்கும், ஆனால் பாக்டீரியாவில் பெரும்பகுதி செத்துவிடும்.

வயலில் மாலை நேரத்தில், மண்ணில் ஈரம் இருக்கும்போது வேர்ப்பக்கம் இட்டு மண்ணால் மூடுங்கள். ரசாயன உரம் போடுவதாக இருந்தால் ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும். உளுந்து, நிலக்கடலைக்கு ரைசோபியத்தை (வேர் முடிச்சில் வாழ்ந்து தழைச்சத்துத் தரும் பாக்டீரியா) இந்தப் படுக்கையில் சேர்த்துக் காத்திருக்க வேண்டாம். அதில் அந்தந்தப் பயிருக்கு ஏற்ற வகையைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து நேரடியாக விதைநேர்த்தி செய்வதே சரி.