பழைய கைத்துப்பாக்கியில் டவ்டெயில் காடி: வெட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்குகள்

பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது முதல், பினாங்குத் தீவிலும் அக்கரையில் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பகுதிகளிலும் அச்சுக் கருவிகளும், வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் ஜிக்குகளும் செய்யும் பட்டறைகள் பெருகின. உலோகத்தைச் சீவி வெட்டும் மில்லிங் இயந்திரத்தில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை துல்லியத்தைக் கைக்குள் வைத்திருக்கத் தெரிந்த தமிழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் திறமையை நம்பித்தான் துப்பாக்கிச் சுடும் மன்றத்தைச் சேர்ந்த யாரேனும் அவ்வப்போது தெரிந்த பட்டறைக்காரரிடம் வந்து, "சின்னக் காடிதானே தம்பி, பத்து நிமிஷ வேலை, வெட்டிக் கொடுங்க" என்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது, குறிபார்க்க உதவும் குறிகாட்டியைச் செருகுவதற்காகத் துப்பாக்கியின் மேற்புறத்தில் குறுக்கே வெட்டும், வாய் குறுகி அடி அகன்ற டவ்டெயில் காடியை. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்புக் கூடமொன்றில் பணியாற்றுபவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: உரிமம் இல்லாதவர்கள் அந்த வேலையைத் தொடவே கூடாது, உரிமம் உள்ளவர்கள் கட்டரை, அதாவது சுழலும் வெட்டுக் கருவியை, மாட்டுவதற்கு முன் காகிதத்தில் கணக்குப் போட்டு முடித்திருக்க வேண்டும்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியை வைத்திருப்பதற்கு மட்டுமல்லாமல் அதைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் காவல்துறையின் உரிமம் வேண்டும். 1971-ஆம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு நீண்ட சிறைத்தண்டனையையும் பிரம்படியையும் விதிக்கிறது. "தாத்தா காலத்துத் துப்பாக்கி, சுடவே சுடாது" என்ற சமாதானம் இங்கே செல்லாது. போலித் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றமாகக் கருதப்படும் நாட்டில், உண்மையான துப்பாக்கியின் ஸ்லைடு, அதாவது சுடும்போது முன்பின் நகரும் மேற்பகுதி, ஒரு சாதாரணப் பட்டறையின் வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் இருப்பதற்கு எந்த விளக்கமும் போதாது.

உரிமமும் ஆவணங்களும் சரியாக இருந்தால், அடுத்த கேள்வி இந்தக் காடி தேவைதானா என்பது. அமெரிக்க இராணுவம் 1911-இல் ஏற்ற கோல்ட் கைத்துப்பாக்கியில் பின் குறிகாட்டி மட்டுமே டவ்டெயில் காடியில் உட்கார்ந்திருந்தது. முன் குறிகாட்டியோ ஸ்லைடில் இருந்த சிறு துளைக்குள் ஒரு முளையைச் செருகி, உட்புறமாக அடித்து விரித்துப் பொருத்தப்பட்டது. சுடச்சுட அந்த முளை தளர்ந்து, மெல்லிய அந்தக் குறிகாட்டி கழன்று விழுவது பழைய துப்பாக்கிகளில் தெரிந்த குறைபாடு என்பதால், அதே இடத்தில் காடி வெட்டிப் புதிய குறிகாட்டியைப் பொருத்தக் கேட்பவர்கள் உண்டு. ஜெர்மன் இராணுவம் 1908-இல் ஏற்ற லூகர் பி-08 அப்படியல்ல. அதில் முன் குறிகாட்டியே குழலின் மேலுள்ள டவ்டெயில் காடியில்தான் இருக்கிறது, ஆகவே அங்கே புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை. தொழிற்சாலை மெருகு மாறாமல், வரிசை எண்கள் எல்லாம் ஒத்துப்போகும் நிலையில் ஒரு பழைய துப்பாக்கி வந்தால், அதில் காடி வெட்ட நான் மறுத்துவிடுவேன். வெட்டிய எஃகை எவராலும் திரும்ப ஒட்ட முடியாது; சேகரிப்பாளரின் கண்ணில் அதன் மதிப்பும் அந்தச் சீவல்களோடு சேர்ந்தே கீழே விழுகிறது.

வெட்டலாம் என்று முடிவானால், காடியின் அடியில் மிஞ்சப்போகும் எஃகின் தடிமனை அளக்க வேண்டும். ஸ்லைடைவிடக் குழலில் இது மிக முக்கியம், ஏனெனில் அங்கே காடிக்கு நேர் கீழே வெடியழுத்தத்தைத் தாங்கும் சுவர் இருக்கிறது. காடியின் கூரிய உள்மூலை இரண்டும் அந்த அழுத்தம் குவியும் இடங்கள். தடிமனில் ஐயம் இருந்தால் வேலையைத் திருப்பி அனுப்புவதே முறை. அடுத்து, கண்ணில் படாத ஓர் ஓரத்தில் நுண்ணிய அரத்தை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும்: அரம் கடித்தால் அதிவேக எஃகுக் கட்டர் போதும்; கண்ணாடியின் மேல் வழுக்குவதைப் போல வழுக்கினால் மேற்பரப்பு கடினமாக்கப்பட்டிருக்கிறது என்று பொருள், அதற்கு அதைவிடக் கடினமான கார்பைடு கட்டர் தேவைப்படும். கார்பைடு எளிதில் கூர்மையை இழக்காது, ஆனால் சிறு அதிர்வுக்கும் பல் உடையும். ஆகவே ஆட்டம் கண்ட பழைய இயந்திரத்தில் அதை மாட்டுவது வீண் செலவு.

இனி கணக்கு. அமெரிக்க வழக்கில் பரவலாகக் காணப்படும் காடிகளுள் ஒன்று, அடியகலம் 3/8 அங்குலமும், அதாவது 9.525 மி.மீ., பக்கச் சாய்வு 60 பாகையும் கொண்டது. இந்தச் சாய்வில் ஆழத்தின் 1.155 மடங்கை அடியகலத்திலிருந்து கழித்தால் மேல்வாயின் அகலம் கிடைக்கும், 2.4 மி.மீ. ஆழத்துக்கு அது ஏறத்தாழ 6.75 மி.மீ. ஆகவே எண்ட் மில் எனப்படும் 6 மி.மீ. நேர் கட்டரைக் கொண்டு, அடியில் 0.05 மி.மீ. மட்டும் விட்டு, நேரான ஒரு காடியை முதலில் எடுத்துவிட்டால் மொத்தச் சீவலில் பத்தில் ஏழு பங்கு அப்போதே வெளியேறிவிடும். டவ்டெயில் கட்டருக்கு மிஞ்சுவது இரு பக்கத்து முக்கோணங்கள் மட்டுமே. இந்த முன்வெட்டைத் தவிர்த்துவிட்டு, கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் பழகிய இளைஞர்கள் சிலர், "ஒரே ஓட்டத்துல எடுத்திடலாமே அண்ணே" என்பார்கள். டவ்டெயில் கட்டரின் கழுத்து அதன் அடிப்பகுதியைவிட மெலிந்தது. முழு அகலமும் எஃகுக்குள் புதைந்து, சீவலுக்கு வெளியேற வழியில்லாமல் போனால், முறிவது அந்தக் கழுத்தில்தான். முறிந்த துண்டு காடிக்குள் இறுகிக்கொண்டால் துப்பாக்கிக்கும் சேர்த்தே சேதம்.

ஸ்லைடின் மேற்பகுதி பெரும்பாலும் வளைவானது என்பதால் அதை நம்பி நேர் பார்க்கக் கூடாது. தட்டையான பக்கத்தில் நேர்த்தன்மையைக் காட்டும் டயல் இண்டிகேட்டரை ஓட்டி, ஸ்லைடின் நீள அச்சுக்குச் செங்குத்தாகக் காடி வரும்படி வைஸில் அமைத்து, வளைவின் உச்சியை ஆழத்தின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். இயந்திரத்தில் தேவையில்லாத இரு நகர்வு அச்சுகளையும் பூட்டிவிட வேண்டும். 9.5 மி.மீ. அதிவேக எஃகுக் கட்டருக்கு நிமிடத்துக்கு 500 சுற்று போதுமானது. ஊட்டத்தை, அதாவது கட்டரை நோக்கி வேலையை நகர்த்துவதை, கையால், சீராக, வெட்டெண்ணெய் தாராளமாக விட்டுக் கொடுக்கலாம். இந்தக் கட்டர் மேலிருந்து இறங்காது, பக்கத்திலிருந்துதான் நுழையும். காடிக்குள் இருக்கும்போது எக்காரணம் கொண்டும் கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலை உயர்த்தக் கூடாது, உயர்த்தினால் காடியின் மேல்விளிம்பிலுள்ள இரு உதடுகளும் பிய்ந்துவிடும்.

அளப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வெர்னியர் அளவுகோலின் தாடைகள் சாய்ந்த மூலைக்குள் போகாது. மேல்வாயை மட்டும் அளந்தால் விளிம்புப் பிசிறு ஏமாற்றிவிடும். ஒரே விட்டமுள்ள இரு உருளைப் பின்களைக் காடியின் இரு மூலைகளிலும் படுக்கவைத்து, அவற்றுக்கு இடையேயுள்ள வெளியை ஸ்லிப் கேஜ் என்ற துல்லிய அளவுக் கட்டைகளால் அளப்பதே நம்பத்தக்க வழி. 60 பாகைக் காடியில் அந்த வெளி, அடியகலத்திலிருந்து ஓர் உருளைப் பின்னுடைய விட்டத்தின் 2.732 மடங்கைக் கழித்த அளவு. மேலே சொன்ன காடியில் 2 மி.மீ. பின்களுக்கு அது 4.06 மி.மீ. குறிகாட்டியின் அடியையும் இதே முறையில், பின்களை வெளிப்புறம் வைத்து அளந்துகொண்டால், பொருந்துமா என்று அடித்துப் பார்த்து அறிய வேண்டிய நிலை வராது.

சாய்வையும் சரிபார்க்க வேண்டும். 65 பாகையில் செய்த குறிகாட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைத் தேய்த்து 60 பாகைக் காடிக்குள் ஏற்றினால் மேல் உதடுகளை மட்டுமே தொட்டு நிற்கும், சில பெட்டித் தோட்டாக்களுக்குள் தளரும். பொருத்தும்போது தேய்க்க வேண்டியது குறிகாட்டியின் அடியையே தவிரக் காடியை அல்ல, ஏனெனில் குறிகாட்டி கெட்டால் வேறொன்று வாங்கலாம். மூன்று முக அரத்தின் ஒரு முகத்தைச் சாணையில் வழவழப்பாக்கி வைத்துக்கொண்டால், பக்கத்தைத் தேய்க்கும்போது அடிப்பரப்பு காயப்படாது. கைவிரல் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் நுழைந்து நின்றால் பொருத்தம் சரி. மிச்சத்தைப் பித்தளைத் துண்டு வைத்து, சுடுபவரின் பார்வையில் வலமிருந்து இடமாகத் தட்டி ஏற்றுவதே பொது வழக்கம். இதைத் தெரியாமல் பழைய குறிகாட்டியை எதிர்த்திசையில் அடித்துக் காடியின் வாயையே அகலப்படுத்திவிட்ட துப்பாக்கிகள் எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன.

உயரத்தையும் வெட்டுவதற்கு முன்பே தீர்மானிக்கலாம். குண்டு விலகிய அளவை இரு குறிகாட்டிகளுக்கும் இடையேயுள்ள நீளத்தால் பெருக்கி, சுடும் தூரத்தால் வகுத்தால் மாற்ற வேண்டிய உயரம் வரும். இடைநீளம் 165 மி.மீ. கொண்ட துப்பாக்கி 25 மீட்டரில் 50 மி.மீ. கீழே சுடுகிறதென்றால், முன் குறிகாட்டியை 0.33 மி.மீ. தாழ்த்த வேண்டும். ஆகவே முதலில் சற்று உயரமான குறிகாட்டியைப் பொருத்தி, அனுமதி பெற்ற சுடுதளத்தில் உரிமையாளரே சுட்டுப் பார்த்தபின் தேய்த்துக் குறைப்பது எளிது. பக்கவாட்டில், பின் குறிகாட்டியைக் குண்டு போக வேண்டிய திசையிலும், முன் குறிகாட்டியை அதற்கு எதிர்த்திசையிலும் நகர்த்த வேண்டும். நிலை உறுதியானதும் குறிகாட்டிக்கும் ஸ்லைடுக்கும் குறுக்கே மெல்லிய ஒரு கோடு கீறிவைத்தால், பின்னாளில் நகர்ந்ததா என்பது பார்த்தவுடன் தெரியும். நம் ஊர்க் கடற்காற்றில் புதிதாக வெட்டிய எஃகு வெகு விரைவில் துருப்பிடிக்கும். குறிகாட்டியை ஏற்றுவதற்கு முன்பே காடியின் உள்முகத்தை எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, துருவைத் தடுக்கும் நீலமெருகு மருந்து பூசி, அதன்மேல் மெல்லிய எண்ணெய்த் தடவல் கொடுத்துவிட வேண்டும்.