சாய்ந்தாலும் அசையாத முள்

பேச்சிப்பாறை தாண்டி கோதையாறு மலைப்பாதையில் ஸ்கூட்டரின் பெட்ரோல் முள் ஏற்றத்தில் ஒன்று காட்டுகிறது, இறக்கத்தில் வேறொன்று காட்டுகிறது. வானத்தில் சாய்ந்து சாய்ந்து திரும்பும் குட்டி விமானத்தில் அந்த முள் என்ன பாடுபடும் என்று தக்கலை வாசகர் ஒருவர் கேட்கிறார்.

செஸ்னா 172எஸ் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு இறக்கைகளிலும் டேங்க். பயன்படுத்தக்கூடிய பெட்ரோல் மொத்தம் சுமார் 200 லிட்டர். உள்ளே ஸ்கூட்டரில் இருப்பதுபோலவே மிதவை, கம்பி, மின்தடை; மிதவை ஏறி இறங்க, கம்பி மின்தடையை மாற்றி முள்ளை நகர்த்தும். ஆனால் டேங்க் பானை மாதிரி ஆழமில்லை, தாம்பாளம் மாதிரி அகலம். மிதவை ஒரு விரற்கடை தவறினாலே பல லிட்டர் கணக்கு பிசகும்.

இனி சாய்வுக்கு வருவோம். தண்ணீர் நிறைந்த தூக்குவாளியைக் கையில் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். வாளி படுக்கையாக வந்தாலும் தண்ணீர் அதன் அடியைத்தான் அழுத்தும். ஒழுங்காகத் திரும்பும் விமானமும் அப்படித்தான். தூக்குவிசை இறக்கைக்குச் செங்குத்தாக இருப்பதால், பெட்ரோலுக்குக் ‘கீழே’ என்பது தரை இல்லை, டேங்கின் அடித்தட்டு. 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பும்போது பெட்ரோலின் எடை இரண்டு மடங்காகும். மிதவையின் எடையும் இரண்டு மடங்குதானே! அதனால் அது இருந்த மட்டத்திலேயே மிதக்கும், முள்ளும் அசையாது. எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை.

சிக்கல், சாய்வுக்கும் வால் சுக்கானுக்கும் பொருத்தமில்லாமல் விமானம் பக்கவாட்டில் சறுக்கும்போதுதான். இடது இறக்கை தாழ்ந்து சறுக்கினால் இடது டேங்கின் பெட்ரோல் இறக்கை நுனிக்கு ஓடும். மிதவையும் எஞ்சினுக்குப் போகும் குழாயின் வாயும் உடலை ஒட்டிய பக்கத்தில் இருக்கின்றன. முள் குறைத்துக் காட்டுவதோடு போகாது, குழாய் காற்றையும் உறிஞ்சலாம். கால் டேங்குக்குக் கீழே நீண்ட நேரம் சறுக்கக் கூடாது என்ற விதி இதனால்தான்.

செலவுக் கணக்கு எளிது. 180 குதிரைத்திறன் எஞ்சினை முக்கால் திறனில் ஓட்டினால் மணிக்குச் சுமார் 38 லிட்டர். காகிதத்தில் ஐந்து மணி நேரத்துக்குமேல் வரும். ஆனால் உயரே காற்று மெலியும்போது விமானி சிவப்புக் குமிழை இழுத்து, எஞ்சினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோலைக் குறைக்காவிட்டால் கணக்கு கைவிட்டுப் போகும்.

குளச்சலில் வள்ளம் இறக்குபவர் மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிப் பார்த்தே எவ்வளவு கிடக்கிறது என்று சொல்லிவிடுவார். விமானியும் டேங்கில் அளவுகுச்சி விட்டுப் பார்த்து, பிறகு கடிகாரத்தை வைத்துக் கழித்துக்கொண்டே வருவார். புறப்படும் முன் எலுமிச்சம்பழம் நசுக்கினாலும் சரி, குச்சியை விடாமல் கிளம்பக் கூடாது.

எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலை எண்ணும் மின்னணுக் கருவி முள்ளைவிடத் துல்லியம். ஆனால் புறப்படும்போது விமானி பதிந்த அளவிலிருந்துதான் அது கழிக்கும். இறக்கையின் மேல்புறத்தில் காற்றழுத்தம் குறைவு. மூடி சரியாக இறுகாவிட்டால் பெட்ரோல் மேலே உறிஞ்சப்பட்டுப் பறந்துவிடும். அந்தக் கருவியோ நிறைய இருப்பதாகவே சொல்லும். விமானப் பெட்ரோலான 100எல்எல்லில் நீலச் சாயம் கலந்திருக்கும்; இறங்கிய பிறகு மூடிக்குப் பின்னால் நீலக் கறை தெரிந்தால் பெட்ரோல் போன வழி அதுதான்.