வைர மோதிரம் வாங்குமுன்: மின்னுவது எப்படி, ஏமாற்றுவது எது

நகைக்கடை விளக்கின் கீழே சுமாரான வைரம்கூட நன்றாகத்தான் மின்னும். கூரையிலிருந்து விழும் சின்னச் சின்னக் குவிவிளக்குகள் அதற்காகவே பொருத்தப்பட்டவை. அதே கல்லை ஜன்னலோரம் கொண்டுபோய், நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நடுப்பகுதி வெளுத்துப்போய் அடியில் இருக்கும் விரல் தெரிந்தால், ஒளி கீழ்வழியாகக் கசிகிறது என்று பொருள்.

ஏன் கசிகிறது? வைரத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 2.42, சாதாரணக் கண்ணாடிக்கு 1.5. இதனால், மேலே நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 17 சதவீதம் உள்ளே நுழையாமலேயே திரும்பிவிடுகிறது. கண்ணாடியில் 4 சதவீதம்தான். உள்ளே போன ஒளியின் கதை இன்னும் முக்கியம். அது கல்லின் அடிச்சுவரில் மோதும்போது, சுவருக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் துளிகூட வெளியேறாமல் முழுமையாக எதிரொளிக்கும். கண்ணாடியில் இந்த மாறுநிலைக் கோணம் சுமார் 42 டிகிரி. வைரத்தின் எல்லை இவ்வளவு சிறியது என்பதால்தான் உள்ளே வந்த ஒளியை இரண்டு முறை திருப்பி, மேல்வழியாகவே கண்ணுக்கு அனுப்ப முடிகிறது. வெளியேறும்போது ஊதா சிவப்பைவிட அதிகம் வளையும். வண்ணத் தீப்பொறிகள் வருவது அதனால்.

ஆனால் கல் இதைத் தானாகச் செய்யாது. பட்டை தீட்டுபவர் கோணத்தைச் சரியாக வைக்க வேண்டும். 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி வட்ட வைரத்துக்கான கணக்கைப் போட்டு வெளியிட்டார்: அடிப்புறச் சரிவு 40.75 டிகிரி, மேற்புறச் சரிவு 34.5 டிகிரி, உச்சியில் உள்ள டேபிள் என்ற தட்டைப் பட்டை விட்டத்தில் 53 சதவீதம். இன்றைய கற்கள் இதிலிருந்து கொஞ்சம் விலகினாலும் அடிப்புறச் சரிவு 41-ஐ ஒட்டியே நிற்கிறது. அடிப்புறம் தட்டையாகிவிட்டால், மேற்புறமும் அடிப்புறமும் சந்திக்கும் கல்லின் இடுப்பு விளிம்பே உள்ளே எதிரொளித்து, டேபிளுக்குக் கீழே மங்கலான வெள்ளை வளையமாகத் தெரியும். இதற்கு மீன்கண் என்று பெயர். அளவுக்கு மீறி ஆழமானால் நடுவில் இருள் சூழும். வட்டக் கல்லோடு வரும் சோதனைச்சாலைத் தர அறிக்கையில், விட்டத்தோடு ஒப்பிட்ட மொத்த ஆழம் 59 முதல் 62.5 சதவீதத்துக்குள், டேபிள் 54 முதல் 58-க்குள் இருந்தால் பேச்சைத் தொடரலாம். இந்த எண்கள் சரியாக இருந்தும் கல் சோபிக்காமல் போவதுண்டு என்பதால் கண்ணால் பார்ப்பதைத் தவிர்க்க முடியாது. ஓவல், பேர் (பேரிக்காய்), மார்க்கீஸ் (இருமுனையும் கூர்ந்தது) வடிவங்களுக்கு அறிக்கையில் பெரும்பாலும் கட் தரமே, அதாவது பட்டை தீட்டியதற்கான தரமே, இருக்காது. அவற்றில் குறுக்கே ஓடும் கருநிழல் எவ்வளவு அடர்த்தி என்று நேரில்தான் பார்க்க வேண்டும்.

சரியான கோணம் தெரிந்திருந்தும் கல் ஆழமாகத் தீட்டப்படுவது எடைக்காக. கேரட் என்பது எடைதான், 0.2 கிராம், அதை 100 சென்டாகப் பிரிப்பார்கள். ஒரு கேரட்டைத் தொட்டதும் விலை ஒரு தாவு தாவும். எனவே 95 சென்டில் அழகாக முடிய வேண்டிய கல், அடியிலும் இடுப்பிலும் கொழுப்பை வைத்துக்கொண்டு ஒரு கேரட்டாக வெளிவருகிறது. நன்றாகத் தீட்டிய ஒரு கேரட் வட்டக் கல் சுமார் 6.4 முதல் 6.5 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். அறிக்கையில் 6.2 என்று இருந்தால், மோதிரத்தில் தெரியாத எடைக்குப் பணம் கொடுக்கிறீர்கள். எடை இரட்டிப்பானாலும் விட்டம் 26 சதவீதம்தான் கூடும், 6.5 என்பது 8.2 ஆகும், அவ்வளவே.

நிறத்தை டி (நிறமற்றது) முதல் இஸட் (மஞ்சள் சாயல் கூடியது) வரை எழுத்தால் குறிப்பார்கள். மஞ்சள் சாயலுக்குப் பெரும்பாலும் காரணம் படிகத்துக்குள் கார்பனின் இடத்தைப் பிடித்த நைட்ரஜன். சோதனைச்சாலையில் கல்லைக் கவிழ்த்து, மாதிரிக் கற்களுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் இந்தத் தரத்தைச் சொல்கிறார்கள். நிமிர்த்தி மோதிரத்தில் பதித்தபின் ஜி, எச் கற்களில் மஞ்சள் தேடுவது வீண்வேலை. மஞ்சள் தங்கத்தில் பதிப்பதானால் ஜே வரைக்கும் தயங்காமல் இறங்கலாம். கல் பெரிதானால் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. ஒளி உள்ளே அதிகத் தூரம் போவதால் சாயலும் கூடித் தெரியும்.

தூய்மைத் தரம், அதாவது கல்லில் குறைகள் எவ்வளவு என்பது, 10 மடங்கு பெருக்கத்தில் பார்த்துச் சொல்வது. மிக மிக நுண்ணிய குறை உள்ள விவிஎஸ்1-க்கும் அதற்குக் கீழான விஎஸ்2-க்கும் உள்ள வித்தியாசத்தை வெறுங்கண் அறியாது. இன்னும் கீழான எஸ்ஐ வகையில் எழுத்தைவிடக் குறை இருக்கும் இடம் முக்கியம்: டேபிளுக்கு நடுவே கரும்புள்ளியா, ஓரத்தில் கல்லைப் பிடிக்கும் கொக்கி மறைக்கும் இடத்திலா? இடுப்பு விளிம்பைத் தொடும் விரிசல் இருந்தால் எந்தத் தரமானாலும் வேண்டாம். வைரம் மோஸ் அளவுகோலில் 10 என்பது கீறலுக்கு எதிரான வலிமை மட்டுமே. அதன் படிகம் நான்கு திசைகளில் சுலபமாகப் பிளக்கக்கூடியது, ஒரு தட்டில் ஓரம் தெறித்துப் போகலாம்.

போலிகளில் கியூபிக் சிர்கோனியா சுலபமாக மாட்டிக்கொள்ளும். அதே அளவு வைரத்தைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு கனம். மாய்சனைட் கெட்டிக்காரக் கல், வெப்பக் கடத்தலை மட்டும் அளக்கும் பேனா வடிவக் கருவிகளை ஏமாற்றிவிடும். அதைச் சற்றுச் சாய்த்து லூப் என்ற சிறு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரியும், வைரத்தில் அப்படித் தெரியாது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைப் போலி என்பது தவறு. அதுவும் கார்பன் படிகமே. கண்ணாலோ லூப்பாலோ பிரித்துச் சொல்ல முடியாது, நிறமாலைக் கருவிகள் வேண்டும். அறிக்கை எண் இடுப்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தால் லூப்பில் படித்து ஒப்பிடுங்கள்.

வைரம் அல்லாத கல்லென்றால் முதலில் கடினத்தன்மை. காற்றுத் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது, அதன் கடினம் 7. அதற்குக் கீழே உள்ளவை அன்றாட மோதிரத்தில் மெல்ல மெல்லத் தேய்ந்து மங்கும்: ஓபல், முத்து, பவளம் எல்லாம் இந்தக் கணக்கில். மாணிக்கமும் நீலக்கல்லும் 9, தாராளமாக அணியலாம். மாணிக்கத்தைச் சூடேற்றுவது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பியதோ வேறு சங்கதி. மோதிரத்தைப் பற்றவைக்கும் சூட்டிலும் அமிலத்திலும் அது கெட்டுவிடும், ஆகவே அப்படி நிரப்பவில்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் நான்கைவிட ஆறு பாதுகாப்பு. கூர்முனை உள்ள வடிவங்களுக்கு அந்த முனையை மூடும் வி வடிவக் கொக்கி அவசியம்.

வாங்கிய மோதிரம் சில வாரங்களில் மங்கினால் கல்லைக் குறை சொல்ல வேண்டாம். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய்ப்பசை நன்றாக ஒட்டும். கிரீமும் விரல் பிசுக்கும் அடிப்புறத்தில் படிந்தால் அங்கே மாறுநிலைக் கோணம் 24-இலிருந்து ஏறத்தாழ 38 டிகிரிக்கு உயரும். திரும்ப வேண்டிய ஒளியில் ஒரு பங்கு கசிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மோதிரத்தைக் கால் மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் கல்லின் பின்புறத்தைத் தேய்க்க வேண்டும். மேலே துடைப்பதால் பயனில்லை. மரகதத்துக்கு ஊறவைப்பதும் மீயொலி அதிர்வால் சுத்தம் செய்யும் கருவியும் ஆகாது: அதன் விரிசல்களை மறைக்க எண்ணெய் ஊட்டியிருப்பார்கள், அது வெளியேறினால் விரிசல்கள் பளிச்செனத் தெரியும். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.