இருட்டில் காணாமல்போன மூன்று மீன்துண்டுகள்

2022 மார்ச் மாதக் கடைசி. இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில், திருக்கடலூர்க் கரையில் வாங்கிப் பொரித்த பாரைத் துண்டுகள் ஒரு தட்டில் இருந்தன. அம்மா மெழுகுதிரி எடுக்க அறைக்குள் போய் வந்த இரண்டு நிமிடத்தில் மூன்று துண்டுகளைக் காணவில்லை. சின்னச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ரோர்ச் அடித்தேன். மேசைக்கடியில் இரண்டு கண்கள் பச்சையாக மின்னின. வீமன்.

தெருவில் கிடந்த நாய்க்குட்டியாக வந்தவன். அவன் சாப்பிடும் விதத்தைப் பார்த்து அம்மம்மா வைத்த பெயர். பகலில் நாங்கள் நிற்கும்போது மேசைப் பக்கம் வரவே மாட்டான். இருட்டினால்தான் துணிச்சல் வருகிறது என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. ஆனால் அம்மா சரி. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்து ஜூலியானே காமின்ஸ்கியும் அவரோடு வேலை செய்தவர்களும் 84 நாய்களை வைத்து இதைச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவர் உணவை வைத்து, எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அங்கேயே இருப்பார். அறை இருட்டாக இருந்தபோது நாய்கள் உணவை எடுத்தது, வெளிச்சத்தில் எடுத்ததைவிட நான்கு மடங்கு அதிகம். ஆளின் மேல் வெளிச்சம் விழுகிறதா என்பதை அவை பெரிதுபடுத்தவில்லை. உணவின் மேல் வெளிச்சம் விழுந்தால்தான் தயங்கின. உணவு நம் கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பதை நாய் கணக்கில் எடுக்கிறது போலும்.

நாய்க்கோ அந்த இருட்டு அவ்வளவு இருட்டில்லை. அதன் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது. உள்ளே வந்த ஒளியை அது திருப்பி அனுப்ப, விழித்திரைக்கு அதே ஒளி இரண்டாம் தடவையும் கிடைக்கும். ரோர்ச் வெளிச்சத்தில் மின்னியது அதுதான்.

அப்புறம் மூக்கு. நாய் இழுக்கும் காற்று உள்ளே போனதும் பிரிந்துவிடும். ஒரு பங்கு நுரையீரலுக்கு. மற்றது மடிப்பு மடிப்பாக இருக்கும் மோப்பப் பகுதிக்கு. வெளிமூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் போவதால், முன்னால் வந்துகொண்டிருக்கும் வாசனை கலைவதில்லை. மோப்ப ஏற்பிகள் நமக்கு ஐம்பது அறுபது லட்சம் என்றால், நாய்க்கு 20 கோடிக்கு மேல். மூடிய சட்டிக்குள் இருப்பது மீன் சொதியா பருப்பா என்பது வீமனுக்கு முற்றத்திலேயே தெரிந்துவிடும்.

புட்டையும் அவன் விடுவதில்லை. மாப்பொருளைச் செரிக்க வைக்கும் அமைலேசு நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான். நாயிடம் 4 முதல் 30 வரை. மனிதர் சோற்றை, மீதியை உண்டு நம்மோடு வாழப் பழகிய உடம்பு அது.

ஆசையும் கண்ணும் மூக்கும் பிறப்பிலேயே வந்தவை. களவெடுக்கும் பழக்கத்தைக் கொடுத்தது நாங்கள். உட்துறைமுக வீதிக் கரையில் மாலையில் தூண்டில் போடுபவர்களைப் பாருங்கள். இருபது தடவை வீசினால் ஒரு மீன் கடிக்கும். அந்த ஒன்றுக்காக இருட்டும்வரை நிற்பார்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடைக்கிடை கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை அசைக்க முடியாமல் ஆக்குகிறது. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார். பத்து நாளில் ஒன்பது நாள் மேசையைத் துடைத்து வைத்து, ஒரு நாள் ரோல்ஸ் தட்டை மறந்துவிட்டால், நாய்க்கு அது தூண்டிலில் கடித்த மீன்.

திட்டினால் திருந்தாதா? ஒரு நாள் தட்டிலிருந்த கருவாட்டைக் காகம் தூக்கிப் போனது. நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அது தெரியாது. வீமனைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவன் காதைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பதுங்கினான். குற்றவாளியேதான் என்று யாரும் சொல்வார்கள். எனக்கு மனம் தாங்கவில்லை. நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு சொல்வதும் இதைத்தான்: அந்த முகம் உரிமையாளர் திட்டும்போது வருகிறது, நாய் உண்மையில் தின்றதா இல்லையா என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. நம் கோபத்தைப் பார்த்து வரும் பயம் அது. தின்று முடித்த பிறகு கிடைக்கும் ஏச்சை மீன்துண்டோடு பொருத்திப் பார்க்க நாய்க்கு வழியில்லை. தும்புத்தடியைத் தூக்குபவர்கள் தயவுசெய்து இதை நினைக்க வேண்டும்.

நாங்கள் செய்தது, அம்மம்மா காலத்து உறியைத் திரும்பக் கட்டியது. எட்டாத உயரத்தில் சட்டி தொங்கினால் பரிசே இல்லை. முதல் வாரம் வீமன் முன்பைவிட மோசமாக நடந்தான். கதிரையில் ஏறினான், உறியைப் பார்த்துக் குரைத்தான். பலன் நின்றதும் பழக்கம் ஒருமுறை கூடித்தான் பிறகு குறையும். பலர் கைவிடுவது அந்த வாரத்தில்தான். கூடவே, வாயில் கவ்வியதைப் பறிக்காமல், "விடு" என்று சொல்லி வேறொரு துண்டைக் காட்டி மாற்றப் பழக்கினோம். பறித்தால் நாய் அவசரமாக விழுங்கும். சமைத்த எலும்பு என்றால் அது ஆபத்து. வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். பிளம்ஸ் என்று நாம் கேக்கில் போடும் உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கலாம். சொக்கலேட்டும் நஞ்சு. இவற்றில் எதையாவது தின்றால் காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.

இரண்டு மாதத்தில் அவன் மேசையை மறந்துபோனான். பிறகு ஒரு நாள் நான் பாணும் சம்பலும் வைத்த தட்டை மேசையில் விட்டுவிட்டுத் தொலைபேசிக்கு ஓடினேன். அடுத்த ஒரு வாரம் முழுக்க, காலை, மதியம், இரவு மூன்று வேளையும் வீமன் வந்து அந்த மேசையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.