இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன்

இரவு பதினொரு மணி. ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு என்று வைத்துக்கொள்வோம். பத்து மாதக் குழந்தை ஒன்றை அம்மாவும் பாட்டியும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நேற்றுக் காலையிலிருந்து தண்ணி தண்ணியாகப் பேதி, எது கொடுத்தாலும் வாந்தி, கூடவே காய்ச்சல். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். சிஸ்டர் கொண்டுவந்து வைப்பதோ ஒரு ஜாடியில் ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலும் ஒரு ஸ்பூனும். பாட்டிக்குக் கோபம் வந்துவிடுகிறது. “இதை நாங்க வீட்டிலேயே கொடுத்திருக்க மாட்டோமா? ஒரு டிரிப்ஸ் ஏத்துங்க சிஸ்டர்.”

பாட்டியின் கோபம் புரிகிறது. மேலே பாட்டில் தொங்கினால் வைத்தியம் நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஸ்பூனில் என்ன தெரியும்? ஆனால் அந்தக் குழந்தைக்கு அந்த நேரத்தில் டிரிப்ஸைவிட ஸ்பூன்தான் சரி என்று சிஸ்டருக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

குழந்தை வந்ததும் அவர் முதலில் செய்தது எடை பார்த்தது. சட்டை, டயப்பர் எல்லாம் கழற்றிவிட்டு 8 கிலோ. போன வாரம் அங்கன்வாடியில் பார்த்த எடை கையில் இருந்தால் வேலை சுலபம். ஒரே நாளில் 400 கிராம் குறைந்திருந்தால் அது சதையோ கொழுப்போ இல்லை, முழுக்கத் தண்ணீர். உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு. இதுவே பத்தில் ஒரு பங்கு, அதாவது 800 கிராம் என்றால் ஆபத்துக் கட்டம். ஆனால் பழைய எடை எத்தனை பேர் கையில் இருக்கும்? அதனால் கண்ணாலும் கையாலும்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்கிறதா, துவண்டு கிடக்கிறதா? சிணுங்கினால் ஒருவிதத்தில் நிம்மதி. கண்கள் குழிவிழுந்திருக்கின்றனவா? இதை அம்மாவிடமே கேட்பது நல்லது, அந்தக் கண்களைத் தினமும் பார்ப்பவர் அவர்தானே. உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா, அழும்போது கண்ணீர் வருகிறதா? ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் தாவிக் குடிக்கிறதா, குடிக்கவே தெம்பில்லையா? கடைசியாக, தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவே வயிற்றுத் தோலை இரு விரலால் மடித்துப் பிடித்து விடுவார். தண்ணீர் போதுமான அளவு இருக்கும் தோல் உடனே பழைய இடத்துக்குப் போய்விடும். திசுக்களுக்கு இடையே இருக்கும் நீர் வற்றியிருந்தால் மடிப்பு மெதுவாகக் கலையும். இரண்டு நொடிக்கு மேல் நின்றால் கடுமையான நீரிழப்பு. கொழுகொழு குழந்தையிலும் ஊட்டம் குறைந்து மெலிந்த குழந்தையிலும் இந்தச் சோதனை ஏமாற்றும். அனுபவமுள்ள சிஸ்டர் அதை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய மாட்டார்.

இரத்த அழுத்தத்தையும் முழுதாக நம்ப முடியாது. தண்ணீர் குறையக் குறைய, குழந்தையின் உடல் கைகால் தோலுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக ஓடவிட்டு, மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தம் போய்ச்சேரும்படி பார்த்துக்கொள்கிறது. அழுத்தம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். அது இறங்கும்போது நேரம் கடந்திருக்கும். அதற்கு முன்பே தகவல் சொல்லிவிடுபவை கைகால்கள்தான்: உள்ளங்கை சில்லிட்டிருக்கும், விரல் நுனியை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் மறுபடி சிவக்க மூன்று நொடிக்கும் மேல் ஆகும்.

நம் பத்து மாதக் குழந்தை சிணுங்குகிறது, கண் குழிந்திருக்கிறது, ஸ்பூனைக் கண்டதும் தாவுகிறது, தோல் சற்றே மெதுவாகத் திரும்புகிறது. கை வெதுவெதுப்பாக இருக்கிறது. இது நடுத்தர நீரிழப்பு. இதற்கு வாய் வழியே போதும்.

போதும் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் குடலுக்குள் இருக்கிறது.

இந்த வயதில் இப்படிப் பேதியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் ரோட்டா வைரஸ் மேல் சந்தேகம் வருவது இயல்பு. 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவரது குழுவினரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டுபிடித்த வைரஸ் இது. வண்டிச் சக்கரம்போல இருந்ததால் லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோட்டா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் முதிர்ந்த செல்கள் இருக்கின்றன. உணவையும் நீரையும் உள்ளே இழுப்பவை அவைதாம். ரோட்டா வைரஸ் தேடிப்போய் அழிப்பது அவற்றையே. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தேங்கி, இன்னும் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது. போதாததற்கு வைரஸின் ஒரு புரதம் நஞ்சுபோல வேலை செய்து, நல்ல செல்களைக்கூட உப்பையும் நீரையும் வெளியே கொட்டவைக்கிறது.

பெரியவர்களுக்கே ஒரு நாளில் குடலுக்குள் எட்டு, ஒன்பது லிட்டர் நீர் வந்துபோகிறது. எச்சில், இரைப்பைச் சாறு, பித்தநீர், குடித்தது எல்லாம் சேர்த்து. அதில் மலத்தோடு வெளியேறுவது 200 மில்லிக்கும் குறைவு. மீதி எல்லாம் திரும்ப உறிஞ்சப்பட்டுவிடுகிறது. இந்த மாபெரும் வரவுசெலவில் திரும்ப எடுக்கும் பக்கம் கொஞ்சம் சறுக்கினாலே பேதி. குழந்தைக்கோ கையிருப்பே குறைவு.

ஆனால் ஒரு கதவு மூடப்படுவதில்லை. குடல் செல்லின் மேல்புறத்தில் ஒரு புரதம் இருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறும் ஒன்றாக வந்தால் மட்டும் உள்ளே விடும். உப்பு மட்டும் வந்தால் இந்த வழி திறக்காது, சர்க்கரை மட்டும் வந்தாலும் திறக்காது. இரண்டும் ஜோடியாக உள்ளே போனதும் பின்னாலேயே தண்ணீரும் போய்விடுகிறது. இப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று 1960இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் சொன்னார். காலரா கிருமியின் நஞ்சு இந்தக் கதவைத் தொடுவதில்லை. ரோட்டா வைரஸ் செய்யும் சேதமோ திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது. தப்பித்த செல்களில் உள்ள கதவுகளே பெரும்பாலும் போதுமானவை.

அப்படியென்றால் வெறும் தண்ணீர் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். வெறும் தண்ணீரில் ஜோடி இல்லை. உப்பை இழந்த உடம்பில் வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகலாம். இப்போது பயன்படும் உலக சுகாதார நிறுவனத்தின் 2002ஆம் ஆண்டுக் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு. பேதியில் வெளியேறும் பொட்டாசியத்தை ஈடுகட்டாவிட்டால் குடல் சோர்ந்து வயிறு உப்பிக்கொள்ளும். சிட்ரேட், இரத்தத்தில் ஏறும் அமிலத்தன்மையைச் சரிசெய்ய. மொத்தத்தில் இந்தக் கரைசல் இரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்தது. அதனால் தண்ணீர் குடலிலிருந்து உடம்பை நோக்கித்தான் நகரும்.

இதன் சோதனைக்களங்கள் நமக்கு அதிகத் தூரமில்லை. 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் இருவரும் காலரா நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துக் காட்டினார்கள். பிறகு 1971. வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்கானில் டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கிருந்த டாக்டர் திலீப் மகலானாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் பொட்டலங்களாகக் கட்டவைத்து, தண்ணீரில் கலக்கி, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். முப்பது சதவீத அளவில் இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. அவர் 2022இல் காலமானார்; அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது கலவையைவிட அந்தச் சொந்தக்காரர்கள்தான். டம்ளரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஊட்டியவர்கள் எந்தப் பயிற்சியும் பெற்றவர்கள் இல்லை.

சரி, ஸ்பூனுக்கு வருவோம். நடுத்தர நீரிழப்புக்கு விதி, கிலோவுக்கு 75 மில்லி, நான்கு மணி நேரத்தில். 8 கிலோவுக்கு 600 மில்லி. நான்கு மணி நேரம் என்றால் 240 நிமிடம். ஒரு டீஸ்பூன் 5 மில்லி. வகுத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன், மொத்தம் 120 ஸ்பூன். சிஸ்டர் பாட்டியிடம் சொல்வதும் இதைத்தான்: “கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே குடுங்கம்மா. அவசரப்படாதீங்க, நிறுத்தவும் செய்யாதீங்க.”

அவசரப்படக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. தாகத்தில் இருக்கும் குழந்தை பாட்டிலைப் பிடித்தால் மடக் மடக்கென்று குடித்துவிடும். ஏற்கெனவே எரிச்சலடைந்திருக்கும் இரைப்பை திடீரென்று விரிந்தால் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிடும். பார்ப்பவர்கள் “ஓ.ஆர்.எஸ். தங்கவே மாட்டேங்குது” என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஐந்து மில்லியை இரைப்பை பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. வாந்தி எடுத்தாலும் பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் நிறுத்திவிட்டு, மறுபடி இன்னும் மெதுவாக, மூன்று நிமிடத்துக்கு ஒன்று. ஸ்பூன் ஒத்துவராத குட்டிகளுக்குப் பாலூட்டும் சங்கான பாலாடை இருக்கவே இருக்கிறது. நடுநடுவே தாய்ப்பால் தாராளமாகத் தரலாம். கண் இமைகள் வீங்கியதுபோலத் தெரிந்தால் மட்டும் ஓ.ஆர்.எஸ்.ஸை நிறுத்திவிட்டுத் தாய்ப்பாலோடு விட வேண்டும், அளவு மிஞ்சியதற்கு அது அடையாளம்.

டிரிப்ஸ் எப்போது? குழந்தை துவண்டு, குடிக்கவே முடியாமல், கை சில்லிட்டுக் கிடக்கும்போது ஸ்பூனுக்கு வேலை இல்லை. ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் நரம்பில் ஊசி போட்டு ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை ஏற்றுவார்கள். ஒரு வயதுக்குக் கீழ் என்றால் முதல் ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி, அடுத்த ஐந்து மணி நேரத்தில் கிலோவுக்கு 70 மில்லி. நீர் வற்றிய குழந்தையின் சுருங்கிப்போன நரம்பைத் தேடிப் பிடிப்பது தனிக் கலை. அப்புறம் அதைக் காவல் காப்பது இன்னொரு வேலை. சின்னக் குழந்தைக்குப் பெரிய பாட்டிலை நேரே மாட்டாமல், 100 மில்லி மட்டும் கொள்ளும் பியூரெட் செட் வழியாக ஏற்றுவது இதற்காகத்தான். கவனம் தப்பினாலும் அதற்குமேல் உள்ளே போகாது. 60 சொட்டுக்கு ஒரு மில்லி என்று அமைந்த குழாய் அது. நிமிடத்துக்கு 30 சொட்டு விழுந்தால் மணிக்கு 30 மில்லி, மனக்கணக்கே போதும். ஊசி இடம் மாறிச் சதைக்குள் போனால் கை வீங்கும். ஸ்பூனில் இந்தத் தொல்லை ஒன்றும் கிடையாது. குடிக்க முடிகிற குழந்தைக்கு எதற்குக் குத்த வேண்டும் என்பதே சிஸ்டரின் வாதம்.

காய்ச்சலுக்கு வருகிறேன். உடல் சூடு ஏற ஏறத் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போகும் நீர் கூடுகிறது. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், இந்தக் குழந்தைக்கு 120. சிரப் பாட்டில்கள் வெவ்வேறு செறிவில் வருகின்றன. “ஒரு மூடி கொடுத்தேன்” என்பது அளவே ஆகாது, லேபிளைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நீர் வற்றிய குழந்தைக்கு ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவற்றைத் தவிர்ப்பார்கள், சிறுநீரகம் ஏற்கெனவே தண்ணீருக்குத் திண்டாடிக்கொண்டிருப்பதால். ஆன்டிபயாடிக்? வைரஸுக்கு அது எதுவும் செய்யாது. மலத்தில் இரத்தமும் சளியுமாகச் சீதபேதி என்றால் கதை வேறு. பேதியை ‘கட்டும்’ மாத்திரைகளைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. குடல் அசைவு நின்று போய்விடலாம்.

வீடுகளில் இந்த நேரத்தில் நடக்கும் பல விஷயங்களில் எனக்கு மிகவும் கவலை தருவது பட்டினி போடுவது. மாந்தம் என்பார்கள், தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவார்கள், “வயித்துக்கு ரெஸ்ட் குடு” என்பார்கள். குடல் சுவரின் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாக முளைத்துவிடுகின்றன; இந்தப் பேதி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் நிற்பதும் அதனால்தான். முளைக்கத் தீனி வேண்டாமா? உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, இட்லி, பருப்புச் சாதம், குழந்தை வழக்கமாகச் சாப்பிடுவது எதுவும் தரலாம். கஞ்சியின் மாவுச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைந்து, அதே கதவு வழியாக உப்பைக் கூட்டிக்கொண்டு போகிறது. இந்த விஷயத்தில் நம் பாட்டிகளின் கை மருந்து சரிதான். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு, கொடுக்கலாம், ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாக அல்ல. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களோ நேர் எதிராக வேலை செய்யும், மிஞ்சிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்குப் பொருந்தாத பானங்கள் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ரொம்பத் தாமதம் என்பது என் எண்ணம்.

வீட்டுக்குப் போகும்போது துத்தநாக மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், தினம் ஒன்று, 14 நாள். பேதி மூன்றாம் நாளே நின்றாலும் முழுதாகக் கொடுக்க வேண்டும். பாலில் கரைத்தோ ஸ்பூனில் தண்ணீர் விட்டோ. வைரஸ் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறுகிறது, தொற்றிக்கொள்ளச் சொற்பமே போதும். ஆகவே ஒவ்வொரு டயப்பருக்குப் பிறகும் சோப்பு. ரோட்டா தடுப்பு மருந்து 6, 10, 14 வாரங்களில் சொட்டாகத் தரப்படுகிறது. தமிழ்நாட்டு அரசுத் திட்டத்தில் 2017இல் சேர்ந்தது. டெல்லியில் ஒரு பச்சிளங்குழந்தையிடம் கிடைத்த வைரஸ் வகையிலிருந்து உருவான இந்திய மருந்தான ரோட்டாவேக்கின் பெரிய பரிசோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் நடந்தது.

மணி மூன்று. ஜாடி காலி. அம்மா கட்டிலில் சாய்ந்து தூங்கிவிட்டார். பாட்டிதான் ஸ்பூனோடு உட்கார்ந்திருக்கிறார். சிஸ்டர் வந்து வயிற்றுத் தோலை மடித்துப் பார்க்கிறார், உடனே போய்விடுகிறது. வாய் ஈரமாக இருக்கிறது. டயப்பரைத் திறந்தால் மலம் இல்லை, நனைந்திருக்கிறது. எடை மெஷினில் வைக்கிறார். உலர்ந்த டயப்பர் 30 கிராம், இது 75. ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. சார்ட்டில் சிறுநீர் என்ற கட்டத்தில் 45 என்று எழுதிவிட்டு, இன்னொரு பாக்கெட்டைப் பிரித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கப் போகிறார். ஒவ்வொரு பேதிக்கும் இனி 50 முதல் 100 மில்லி. பாட்டி கேட்கிறார், “அதே ரெண்டு நிமிஷக் கணக்குதானா சிஸ்டர்?”